மணலில் கால்மேசு

ஆவணி வெயில் இன்னும் இறங்கவில்லை. வாகனங்களை மறித்துவிட்ட நல்லூர்க் கோவில் வெளிவீதியில் மணல் பரவிக் கிடக்கிறது. மாலைத் திருவிழாவுக்குச் சனம் சேர நேரம் இருக்கிறது. கச்சான்காரிகள் குவியலைச் சரிசெய்கிறார்கள்.

ஏழு வயது மதிக்கத்தக்க பொடியன். காதுகளில் நீலநிறக் காதுமூடி. எல்லோரும் வெறுங்காலுடன் நடக்க, அவன் காலில் மட்டும் தடித்த கால்மேசு. தாயின் கையில் சின்னப் படக்கொப்பி: கோபுரம், கச்சான் கடை, ஐஸ்கிறீம், வீடு. ஒன்று முடிந்ததும் அடுத்த படத்தைத் திருப்பிக் காட்டுகிறாள். அவன் தலையாட்டிவிட்டு நடக்கிறான்.

திடீரென ஒலிபெருக்கி கரகரக்கிறது. பக்கத்துக் கடையில் ஊதுகுழலும் சேர்ந்துகொள்கிறது. பொடியனின் உடம்பு விறைக்கிறது, வீரிட்டுக் கத்துகிறான்.

"செல்லம் குடுத்துப் பழுதாக்கிப்போட்டினம்," என்றபடி ஒருவர் கடந்து போகிறார்.

ஓர் ஆச்சி கன்னத்தைத் தடவக் கை நீட்டுகிறார்.

"தொடாதேங்கோ அம்மா. குறை நினைக்காதேங்கோ, அவனுக்குச் சத்தம் தாங்காது."

ஆச்சி கையை எடுத்துவிட்டுக் கடைக்காரன் பக்கம் திரும்புகிறார். "தம்பி, கொஞ்ச நேரம் ஊதாதை மேனை." குழல் நிற்கிறது.

தகப்பன் மணலில் குந்தி, மகனைப் பின்னாலிருந்து இறுக அணைக்கிறார். மெல்லத் தடவினால் கூசும் பிள்ளைகள் பலருக்கு இறுகிய அணைப்பு ஆறுதல் தரும். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாக உணர்வதை 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஓட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. வளர்ப்பில் பிழையில்லை, அந்தப் பிள்ளையின் மூளை உலகத்தை வாங்கும் விதம் வேறு.

அழுகை அடங்குகிறது. காற்றாடிக் கடை முன்னால் பொடியன் நின்றுவிடுகிறான். "சுத்துது... சுத்துது!" வாய் நிறையச் சிரிப்பு. ஒருவரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

தவில் தொடங்குமுன் தாய் கடைசிப் படத்தைக் காட்டுகிறாள். காற்றாடியும் கையுமாக அவன் வீட்டுக்குப் புறப்படுகிறான். சுவாமி வெளிவீதி வருவதை அவன் காணவில்லை. ஆனால் அவனுக்கும் இன்று திருவிழாதான்.

வெளிநாட்டுக் களியாட்டப் பூங்காக்கள் பலவற்றில் இத்தகைய பிள்ளைகளுக்கென்று அமைதி அறைகள் உண்டு. 25 நாள் திருவிழா நடக்கும் நம் ஊரில், ஒலிபெருக்கி எட்டாத இடத்தில் ஒரு நிழற்பந்தல் போடுவது பெரிய காரியமல்ல. நம் எல்லாக் கோவில்களும் அதைச் செய்யவேண்டும். அதுவரை நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: முறைத்துப் பார்க்காமல், புத்தி சொல்லாமல், "என்ன உதவி வேணும்?" என்று பெற்றோரைக் கேட்பது.