சேறு மிதித்தவர்கள் கட்டிய வீடு

லூயிசியானா மாநிலத்தின் நாக்கடிஷ், 1714இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய சிற்றூர். கேன் நதிக் கரையில் செங்கல் பாவிய தெருவும் இரும்புக் கிராதி வைத்த மாடங்களுமாகக் கண்ணை நிறைக்கும். 'ஸ்டீல் மக்னோலியாஸ்' படத்தை இங்கே எடுத்த பிறகு பயணிகள் கூட்டத்துக்கும் குறைவில்லை. நான் போனது சுவர்களைப் பார்க்க. இந்த வட்டாரத்துப் பழைய வீடுகள் பலவற்றில் சுவர் மண்தான். பூஸியாஜ் என்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனார் அறுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். கூட இரண்டு இளைஞர்கள். தார்ப்பாயில் களிமண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு, கறுத்த நாரை உதறி உதறிப் போட்டார்கள். ஓக் மரக்கிளைகளில் சாம்பல் நிறத்தில் சடை சடையாகத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸ் அது. பெயர்தான் பாசி, உண்மையில் அன்னாசிக் குடும்பத்துச் செடி. பச்சையாகப் பறித்துப் போட்டால் உதவாது. ஈரத்தில் கிடந்து மேல்தோல் அழுகிக் கழன்றபின் மிஞ்சும் நார்தான் வேண்டும். நம் ஊர் மண்சுவரில் வைக்கோல் செய்கிற வேலையை இங்கே அது செய்கிறது.

பிறகு மிதி. என்னையும் இறங்கச் சொன்னார்கள். குளிர்ந்த சேறு கணுக்காலைப் பிடித்தது. நார் விரலிடுக்கில் சுற்றிக்கொண்டது. "அவசரம் வேண்டாம், குதிகாலை ஊன்றி மிதிங்க" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பிடி அள்ளி உருட்டி, இரு கையாலும் இழுத்துப் பார்த்தார். அறுந்து விழாமல் இழுபட்டது. "இப்பதான் சரி."

சைப்ரஸ் மரத் தூண்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் குச்சிகளைச் செருகியிருக்கிறார்கள். உருட்டிய சேற்றைக் குச்சியின்மேல் மடித்துப் போட்டு, இருபுறமும் தொங்கும் நுனிகளைக் கீழ்வரிசையோடு அழுத்திச் சேர்க்க வேண்டும். கீழிருந்து மேலே, வரிசை வரிசையாக. காய்ந்து விழும் விரிசலை அடைத்து, கடைசியில் சுண்ணாம்புப் பூச்சு. மழைச்சாரல் சுவரில் படாதிருக்கவே அகன்ற தாழ்வாரம். தரை ஈரம் ஏறாதிருக்கவே செங்கல் கால்கள்மேல் வீடு. தூரத்தில் நின்று நாம் அழகென்று ரசிப்பதெல்லாம் இந்த மண்ணைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு.

பின்பக்கச் சுவரில் யாரோ எப்போதோ பூசிய சிமெண்டைப் பெரியவர் தட்டி எடுத்தார். உள்ளே மண் ஊறிப்போய்ப் பொலபொலவென்று கொட்டியது. தூணின் அடியும் இற்றிருந்தது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே அடைத்து வைக்கும். பழைய வீட்டைப் பலப்படுத்துவதாக எண்ணிச் செய்கிற இந்த வேலைதான் அதை வேகமாகக் கொல்கிறது. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஓக்லண்ட் தோட்ட வீட்டுக்குப் போனேன். 1821இல் ப்ருடோம் குடும்பத்துக்காக அடிமைகள் கட்டியது. இப்போது தேசியப் பூங்காத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. அருகிலுள்ள மெல்ரோஸ் தோட்டத்தின் கதை இன்னும் சிக்கலானது. அடிமையாகப் பிறந்து 1778இல் விடுதலை பெற்ற மரி தெரேஸ் குவான்குவானின் மகன் லூயி மெட்டோயர் 1796இல் பெற்ற நிலம் அது. அந்தக் குடும்பமும் பின்னாளில் அடிமைகளை வைத்திருந்தது. அதே தோட்டத்தில் பருத்தி பறித்து, சமையல் செய்து வாழ்ந்த கிளெமென்டைன் ஹன்டர் 1955இல் அங்குள்ள 'ஆப்பிரிக்கன் ஹவுஸ்' மாடியில் வரைந்த சுவரோவியங்களில் துணி துவைப்பவர்களும் பருத்தி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். உரிமையாளர்களின் எண்ணெய் ஓவியங்களைவிட எனக்கு அவைதான் பெரிது.

இந்த வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறைச் சாமான்களோடு திரும்பிவிட வேண்டாம். சேறு மிதித்தது யார் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். அவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்றும் கேளுங்கள். பக்கத்து மக்னோலியா தோட்டத்தில் அவர்களுடைய செங்கல் குடில்கள் எட்டு இன்றும் நிற்கின்றன.