பிள்ளையை யார் பார்ப்பது?

கால்நடை கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன் என்று சுங்கை பெசாரில் யாரிடமாவது சொன்னால், முதலில் வரும் கேள்வி, “நாய் கடிக்காதா?” என்பதுதான். கடிக்கும். ஆனால் நாயைவிடப் பூனைக்கடிதான் பொல்லாதது. பல் ஊசி மாதிரி உள்ளே இறங்கிக் கிருமியை ஆழத்தில் விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும். மறுநாள் காலையில் விரலை மடக்க முடியாது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அடுத்தது வரும். “எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ!” இது கேள்வியே அல்ல, பாராட்டு. பதில் சொல்லத் தேவையில்லை, சிரித்தால் போதும். பல வருஷமாகச் சிரித்தும் இருக்கிறேன். இப்போது அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள மனம் வருவதில்லை. அதில் பாதிக்குமேல் வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது.

எங்கள் வட்டாரத்தைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சுங்கை பெசார், சபாக் பெர்ணம் மாவட்டத்தின் நிர்வாக ஊர். ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் தெற்கே போனால் செகிஞ்சான், தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர். சாலைக்கு ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல். உள்ளே போனால் செம்பனை. மலேசியாவில் வாணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டதே 1917இல், இதே கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். நெல்லும் செம்பனையும் இருக்கிற இடத்தில் எலி இருக்கும். எலி இருக்கிற இடத்தில் எலி விஷம் இருக்கும். தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வளர்க்கிறார்கள் என்பது உண்மைதான். விஷமும் கூடவே வைக்கிறார்கள்.

என் வேலை நேரம் எப்படிப்பட்டது என்பதை அந்த எலி விஷத்தை வைத்தே சொல்லிவிடலாம். வழக்கமாக வைக்கப்படும் விஷம் ரத்தத்தை உறையவிடாத வகை. நாய் அதைத் தின்ற அன்று வாலை ஆட்டிக்கொண்டுதான் இருக்கும். மூன்று நாள், ஐந்து நாள் கழித்துப் படுத்துவிடும். ஈறு வெளுத்துப் போயிருக்கும். வயிற்றுத் தோலுக்கடியில் கருநீலத் திட்டுத் திட்டாக ரத்தம் கட்டியிருக்கும். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, குளித்து, காரை இரவல் வாங்கி நாயைத் தூக்கிக்கொண்டு வந்து சேரும்போது மாலை ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். டாக்டர் கழுத்து நரம்பில் ஊசி குத்தமாட்டார். காலில்தான் குத்துவார், அங்கேதான் அழுத்திக் கட்ட முடியும். குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பது என் வேலை. வைட்டமின் கே1 போட்டதும் ரத்தம் உறைந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. உறைவதற்கு வேண்டியதை ஈரல் புதிதாகத் தயாரித்தாக வேண்டும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை நாயை அசையவிடக் கூடாது. மூச்சை எண்ண வேண்டும், ஈறைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். “அக்கா, பொழைச்சிடுமா?” என்று கேட்கிறவரிடம், பிழைத்து எழுந்தாலும் வாரக்கணக்கில் மாத்திரையை நிறுத்தக் கூடாது, சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டும். நாய் ஓடியாட ஆரம்பித்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஆறு மணிக்கு என் வேலை முடிவதாக அட்டவணையில் எழுதியிருக்கிறது. ஆறரைக்கு இளையவனுக்கு டியூஷன் விடும்.

அலுவலக வேலையாக இருந்தால் கணினியை மூடிவிட்டு எழுந்து போகலாம். மேசைமேல் நாய் படுத்திருக்கும்போது கையை எடுத்துவிட்டு எப்படிப் போவது? மருத்துவமனைத் தாதி என்றால் அடுத்த ஷிப்டுக்கு ஒருவர் வருவார். சின்ன ஊர் கிளினிக்கில் டாக்டர், நான், இன்னொரு பெண், அவ்வளவுதான். கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்ய 1974ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அரசாங்கத் துறையின் உதவியாளர்கள் குளுவாங்கில் உள்ள கழகத்தில் பயிற்சி பெறுகிறார்கள். பிரிட்டனில் எங்களைப் போன்றவர்களுக்கு 1961லேயே முறையான பயிற்சித் திட்டம் தொடங்கிவிட்டது. இங்கே தனியார் கிளினிக் தாதிகள் பெரும்பாலும் வேலையிலேயே வேலை கற்றுக்கொண்டவர்கள். எங்களுக்கென்று பதிவேடு கிடையாது. சம்பளமும் அதற்கேற்றாற்போலத்தான். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனபோது, என் சம்பளத்துக்கும் அதற்கும் இருந்த இடைவெளி இன்னும் சுருங்கிப்போனது.

வீட்டுக்கு வந்த உடனேயும் பிள்ளைகளைத் தொட முடியாது. பார்வோ வந்த நாய்க்குட்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தால், அந்த நோய் மனிதருக்கு ஒட்டாது என்றாலும், செருப்போடும் உடையோடும் கிருமி வந்து வீட்டு நாயைப் பிடித்துக்கொள்ளும். கையில் தடவுகிற ஆல்கஹால் ஜெல்லுக்கு அது சாகாது, குளோராக்ஸ்தான் வேண்டும். பூனையிடமிருந்து வரும் படர்தாமரை பிள்ளைகளுக்கு நேராகவே ஒட்டும். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். அதனால் செருப்பு வாசலிலேயே நின்றுவிடும், சீருடை பின்பக்கத் தனி வாளிக்குப் போகும், நான் குளியலறைக்குப் போவேன். பிள்ளைகள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு பள்ளியில் நடந்ததையெல்லாம் சொல்லுவார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய கடிதங்கள், மறுநாள் கொண்டுபோக வேண்டிய மணிலா அட்டை, புறப்பாட நடவடிக்கைக்குக் கட்ட வேண்டிய பணம் எல்லாம் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில்தான் எனக்குத் தெரியவரும். மணிலா அட்டை விவரம் தெரியும்போது கடை மூடியிருக்கும்.

சரி, பள்ளி விட்டதிலிருந்து அதுவரை அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள்? பாராட்டுகிறவர்கள் கேட்காமல் விடுவது இதைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா. உறவில்லை, தாமானுக்கு வந்தபின் உண்டான பழக்கம். மாதாமாதம் பணம் கொடுக்கிறேன், அவர் செய்வதற்கு அது ஈடாகாது. அவருக்கு டயாலிசிஸ் இருக்கிற நாள்களில் எதிர்வீட்டு மாக்சிக். சோறு போட்டு, பாடம் எழுத உட்கார வைத்துவிடுவார். நான்கு பூனை வளர்க்கிறார். அவற்றின் தடுப்பூசித் தேதிகளை நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன், கணக்கு அப்படி நேராகிறது. நாய் தொட்ட உடையோடு அவர் வீட்டுப் படி ஏறக் கூடாது என்பது அவர் சொல்லாமலே நான் வைத்துக்கொண்ட வழக்கம். முதலில் குளியல், பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிடப் போவது. கணவர் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. காய் அதிகம் வரும் மாதங்களில் அவருக்கும் ஓவர்டைம் தட்ட முடியாது. பள்ளி பஸ்காரர் இருக்கிறார், மழை நாளில் சந்து வரைக்கும் வந்து இறக்கிவிடுவார். இவர்களில் ஒருவர் காய்ச்சலில் படுத்தால் என் ‘சமாளிப்பு’ அன்றைக்கே சரிந்துவிடும். பெரியம்மா ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சரிந்தும் இருக்கிறது.

என் அம்மாவை யாரும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டதில்லை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பெண்கள் எல்லாருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், எல்லாரும் விடிவதற்கு முன்பே பெரட்டுக்குப் போனார்கள். போகிற வழியில் ஆயாக்கொட்டகை. வரிசையாகக் கட்டிய தூளிகள், மாவுப்பால் கரைக்கிற பெரிய கேத்தல், மரம் வெட்ட முடியாத வயதான ஓர் அம்மா. அவருக்குத் தோட்டத்தில் சம்பளம். பள்ளிக்கூடம் போகும் வயது வந்ததும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. பள்ளி விட்டால் லயம். அங்கே எந்த வீட்டுப் பிள்ளை எந்த வாய்க்காலில் இறங்கினாலும் ஒரு பாட்டியின் குரல் கேட்கும்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஆயாவுக்கு அத்தனை பிள்ளைகள். ஈ, சிரங்கு. வயிற்றுப்போக்கு வந்தால் டிரஸ்ஸர் கொடுக்கும் ஒரே கலவை மருந்து. அம்மாவின் சம்பளத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. தோட்டத்தைவிட்டு வெளியேறித் தாமானில் வீடு வாங்கியதை அம்மா தன் வாழ்நாள் வெற்றியாக நினைத்தார், அது வெற்றிதான். வெளியேறியபோது ஆயாக்கொட்டகையையும் விட்டுவிட்டு வந்தோம் என்பதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தோட்ட முதலாளிகள் மனம் இரங்கி இவற்றைக் கட்டவில்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு சொன்னது. நம் தமிழ்ப்பள்ளிகளில் பல அப்படித்தான் வந்தன. குழந்தைக் காப்பகம் அமைப்பதைத் தோட்ட முதலாளியின் பொறுப்பாக 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டமும் வைத்திருக்கிறது. தாய் வேலைக்கு வர வேண்டுமென்றால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும், அந்தச் செலவு வேலை வாங்குகிறவருடையது. கணக்கு அவ்வளவு எளிமையாக இருந்தது.

தாமானில் குடியிருந்து கிளினிக்கில் வேலை செய்கிறவளுக்கு என்ன இருக்கிறது? 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது, நல்லது. தாஸ்கா எனப்படும் குழந்தைக் காப்பகங்களுக்கான 1984ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்குப் போகும் பிள்ளையைப் பள்ளி மதியத்தோடு அனுப்பிவிடுகிறது. தகுந்த மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுச்சென்றால் குற்றம் என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33ஆம் பிரிவு எச்சரிக்கிறது. சரியான சட்டம்தான். மதியத்திலிருந்து மாலைவரை யார் பார்ப்பது என்பதற்குத்தான் எதிலும் விடையில்லை. அந்த இடத்தில் ஒரு பெரியம்மாவையும் ஒரு மாக்சிக்கையும் நாமே தேடி வைத்துக்கொள்கிறோம். அதற்குப் பெயர் தாயின் திறமை.

பிரசவ விடுப்பை நீட்டிய அதே சட்டத் திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நானும் எழுதிக் கொடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள் அதிகாலை வேலை கிடைத்தது. கூண்டு கழுவி, உள்நோயாளிகளுக்கு மருந்து கொடுத்து, அறுவைக்கு முடி மழித்துவைத்துவிட்டு, பள்ளி விடுவதற்குள் கிளம்பிவிடுவேன். அந்த நாள்களில் மாலை வரும் எலி விஷ நாய்க்குப் பஞ்சை அழுத்திக்கொண்டு நிற்பது என்னுடன் வேலை செய்யும் பெண். அவளுக்குக் கல்யாணமாகவில்லை, பிள்ளை இல்லை. ஆனால் பக்கவாதம் வந்த அப்பா இருக்கிறார். ஆறு மணிக்கு அவளுடைய தொலைபேசியும் அடிக்கத்தான் செய்கிறது. என் பாரம் குறையவில்லை, ஒரு கை மாறியிருக்கிறது. இதைச் சொன்னால், “நீ ஏன் அதையெல்லாம் யோசிக்கிற?” என்கிறார் கணவர். யோசிக்காவிட்டால் அடுத்த மாதம் அவள் வேலையை விட்டுவிடுவாள், நான் பழைய இடத்துக்கே வந்துவிடுவேன். இது சுயநலக் கணக்கும்தான்.

பிள்ளைகள் ஏங்கிப்போகிறார்கள் என்றோ, என்னைப் பார்த்து உழைப்பைக் கற்றுக்கொள்கிறார்கள் என்றோ சொல்லிவிட முடியவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. நாய்க்குட்டிக்கு டிரிப் ஏன் ஏற்றுகிறார்கள் என்று இளையவன் வகுப்பில் விளக்கியிருக்கிறான். மூத்தவளிடம், “பெரியவளானதும் விலங்கு டாக்டராகப் போகிறாயா?” என்று ஆசிரியை கேட்டாராம். “இல்லை டீச்சர், பேங்க்ல வேலை செய்வேன். அங்கே நேரமானா கதவைச் சாத்திடுவாங்க” என்றாளாம்.

சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து ஒன்று சொன்னேன். மதியத்துக்குப் பிறகு பள்ளி மண்டபம் சும்மாதானே கிடக்கிறது, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை மாலைவரை அங்கே உட்கார வைக்கலாமே, ஓர் ஆயாவைச் சம்பளத்துக்கு வைக்கலாமே என்றேன். மின்சாரம், பாதுகாப்பு, கல்வி இலாகா அனுமதி என்று பேச்சு போனது. எல்லாம் நியாயமான தடைகள்தான். கடைசியாக ஒருவர், ஆயாவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அடுத்த கூட்டத்துக்கும் போகிறேன். தோட்டத்தில் யார் கொடுத்தார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கப் போகிறேன்.