வாய் திறக்காதவர்களின் முகமூடிகள்

உளவியல் செமினாருக்கு எனக்கு விழுந்த தலைப்பு ஓவிய சிகிச்சை. "உனக்கென்னடா, நாலு படம் போட்டுக் காட்டிட்டு இறங்கிடலாம்" என்று கடைசி பெஞ்ச் வாழ்த்தி அனுப்பியது. தேட உட்கார்ந்தால் எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் அமெரிக்க ராணுவத்தில் வந்து நின்றேன். அதிலும் சாதாரண சிப்பாய்கள் இல்லை. கிரீன் பெரே, நேவி சீல் என்று ஹாலிவுட் படங்களில் ராத்திரியில் ஹெலிகாப்டரிலிருந்து கயிறு பிடித்து இறங்குவார்களே, அந்த சிறப்புப் படை ஆட்கள். அவர்கள் கையில் பெயிண்ட் பிரஷ்ஷா?

சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேரிலாந்தில் பெத்தெஸ்டா என்ற ஊரில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை இருக்கிறது. அந்த வளாகத்தில் 2010-ல் ஒரு மையம் திறந்தார்கள். பெயர் நேஷனல் இன்ட்ரெபிட் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ். குண்டுவெடிப்பில் மூளை அடிபட்டு, கூடவே மனமும் அடிபட்டவர்களுக்கான இடம். நாலு வார சிகிச்சை. நரம்பு டாக்டர், தூக்கத்துக்கு டாக்டர், பிசியோதெரபி என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறவர் ஒரு அறைக்குள் நுழைந்தால் மேஜைமேல் வெறும் முகமூடி ஒன்று இருக்கும். பக்கத்தில் பெயிண்ட், களிமண், கம்பி. "இதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்பார்கள். மெலிசா வாக்கர் என்ற ஓவிய சிகிச்சையாளர் அங்கே ஆரம்பித்து வைத்த வேலை இது.

ஆட்கள் செய்த முகமூடிகளின் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? 2015 பிப்ரவரி நேஷனல் ஜியாகிரஃபிக் இதழில் லின் ஜான்சன் எடுத்த படங்கள் வந்தன. தேடினால் கிடைக்கும், ஆனால் ராத்திரி பார்க்க வேண்டாம். வாய் பூட்டப்பட்ட முகம், பாதி தேசியக் கொடியும் பாதி எலும்பும், மண்டை பிளந்து உள்ளே தெரிகிற முகம். முறையாக ஓவியம் கற்றவர் கை மாதிரி இருக்காது. அதுதான் இன்னும் கலக்குகிறது.

இங்கே ஒரு பழைய சங்கதி. முதல் உலகப் போரிலும் முகமூடி செய்தார்கள். குண்டில் தாடையும் மூக்கும் போன சிப்பாய்களுக்கு லண்டனில் பிரான்சிஸ் டெர்வென்ட் வுட்டும், பாரிசில் ஆன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பியும் மெல்லிய உலோகத்தில் முகம் வார்த்து, தோல் நிறத்தில் வண்ணம் பூசிக் கொடுத்தார்கள். தெருவில் நடந்தால் குழந்தைகள் பயந்து ஓடாமல் இருக்க. அன்றைக்கு வெளியே தெரிந்த காயத்தை மூட ஒரு முகமூடி. நூறு வருஷம் கழித்து வெளியே எதுவுமே தெரியாதவருக்கு, காயத்தைக் காட்டுவதற்கு ஒரு முகமூடி. என் செமினாரில் உருப்படியான ஒரே ஸ்லைடு இதுதான் என்று நினைக்கிறேன் :-)

சரி, சிறப்புப் படைக்கு வருவோம். அமெரிக்காவின் சிறப்புப் படைகளின் தலைமையகத்துக்குக் கீழே சுமார் 70,000 பேர். 2001-க்குப் பிறகு ஆப்கானிஸ்தான், இராக் என்று இவர்களைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். பூட்டிய கதவை வெடி வைத்துத் திறப்பது, தோளில் வைத்து ராக்கெட் சுடுவது இவர்களுக்கு அன்றாட வேலை. பயிற்சியிலும் அதேதான். ஒவ்வொரு வெடியிலும் ஒரு அழுத்த அலை மண்டை வழியாகப் போகிறது. ரத்தம் வராது, ஸ்கேனிலும் பெரும்பாலும் தெரியாது. 2016-ல் டேனியல் பெர்ல் என்ற நோய்க்குறியியல் நிபுணரின் குழு, இறந்துபோன சிப்பாய்களின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, வெடி அலையில் சிக்கியவர்களின் மூளையில், குறிப்பாகச் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் இடத்தில், தழும்பு இருப்பதாக எழுதியது. அதுவரை "உனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

இதற்குமேல் இவர்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கே போனோம், யாரைப் பார்த்தோம், என்ன செய்தோம் என்பதில் பாதிக்குமேல் ரகசியம். மனைவியிடம்கூட சொல்லக் கூடாது. "சொன்னால் பாரம் குறையும்" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சொல்லவே கூடாது என்று கையெழுத்துப் போட்டவன் என்ன செய்வான்? மனசு சரியில்லை என்று வாயைத் திறந்தால் குழுவிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு.

ஓவிய சிகிச்சை இங்கேதான் வேலைக்கு ஆகிறது என்பது என் கட்சி. முகமூடியில் ஊர் பேர் இல்லை, தேதி இல்லை, ஆபரேஷன் பெயர் இல்லை. ரகசியம் ரகசியமாகவே இருக்கும், வலி மட்டும் வெளியே வந்துவிடும். பேச முடியாததற்கு உடம்பிலும் ஒரு காரணம் இருக்கலாம். 1996-ல் வந்த ஒரு ஆய்வில், மன அதிர்ச்சி நோய் உள்ள எட்டுப் பேருக்கு அவர்கள் நினைவையே வாசித்துக் காட்டியபோது மூளையில் பேச்சுக்கான புரோக்கா பகுதியின் வேலை குறைந்தது. எட்டே பேர்தான், அதை வைத்து ஆடக் கூடாது. ஆனாலும் "வார்த்தையே வரல" என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை போலிருக்கிறது.

வாக்கர் ஒரு மேடையில் சொன்ன சம்பவம். போரில் பார்த்த ரத்தம் வழியும் ஒரு முகம் ஒரு வீரரை ஏழு வருஷத்துக்கு மேல் துரத்தியது. விழித்திருக்கும்போதே எதிரில் வந்து நிற்குமாம். அவர் அந்த முகத்தையே முகமூடியாகச் செய்து, ஒரு பெட்டிக்குள் வைத்து, வாக்கரின் அறையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதன்பிறகு அது வருவது அடியோடு குறைந்ததாம்.

நிற்க. குடும்பத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான்.

என் மாமா பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். சிறப்புப் படையெல்லாம் இல்லை, சாதாரண சிப்பாய். கடைசி நாலு வருஷம் காஷ்மீர். ஓய்வு பெற்று வந்தபிறகு தீபாவளிக்கு முதல் நாளே கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்துவிடுவார். அத்தை வாசலில் நின்று தெருப் பிள்ளைகளிடம் "அந்தப் பக்கம் போய் வெடிங்கய்யா" என்று கெஞ்சுவார். போன வருஷம், "ஏன் அத்தை, என்ன நடந்துச்சுன்னு மாமாகிட்ட கேட்டதே இல்லையா?" என்றேன். "கேட்டா சொல்லிருவாரோன்னு பயமா இருக்குடா" என்றார். இத்தனை நாள் படித்த புத்தகம் எதிலும் இப்படி ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை.

சொல்ல முடியாதவருக்கும் கேட்கப் பயப்படுகிறவருக்கும் நடுவில் ஒரு பொருள் வேண்டும். மேஜைமேல் வைத்து இரண்டு பேரும் பார்க்கிற மாதிரி. முகமூடி அந்த வேலையைச் செய்கிறது. "எனக்கு உள்ளே இப்படித்தான் இருக்கிறது" என்று நீட்டினால் போதும். குழந்தைகளுக்கு இது இன்னும் சுலபம், அவர்களுக்குப் படம்தான் தாய்மொழி. அப்பா ஏன் திடீரென்று கத்துகிறார் என்று ஏழு வயசுப் பிள்ளையிடம் மூளைத் தழும்பு பற்றிப் பாடம் எடுக்க முடியாது.

அமெரிக்கத் தளபதிகளுக்கும் இது தாமதமாகத்தான் உறைத்தது. 2011-ல் சிறப்புப் படைகளின் தலைவராக இருந்த அட்மிரல் எரிக் ஓல்சன், படை ஓரங்களில் நைந்துகொண்டிருக்கிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறகு வந்த திட்டத்தின் பெயரிலேயே படையோடு குடும்பத்தையும் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, படம் வரைந்தால் எல்லாம் போய்விடும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். ஓவிய சிகிச்சையாளர் டிராயிங் மாஸ்டர் இல்லை. அங்கே அதற்கு முதுகலைப் படிப்பு வேண்டும். மூடி வைத்ததைத் திறந்துவிட்டு மூடத் தெரியாவிட்டால் ஆபத்து. ஆய்வுகளும் இன்னும் குருவி சைஸ்தான். 2016-ல் வழக்கமான சிகிச்சையோடு ஓவியத்தையும் சேர்த்துப் பார்த்த ஒரு சோதனையில் இருந்தவர்கள் 11 பேர். பெரியது என்றால் 370 முகமூடிகளை எடுத்துப் பார்த்த ஆய்வைச் சொல்லலாம். தன் படைப்பிரிவின் அடையாளத்தை வரைந்தவர்களிடம் அதிர்ச்சி நோயின் அளவு குறைவாகவும், ராணுவச் சின்னங்களை உடைந்த துண்டுகளாக வரைந்தவர்களிடம் பதற்றம் அதிகமாகவும் இருந்ததாம். எது காரணம் எது விளைவு என்று அதிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று டாக்டருக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறதே.

செமினார் அடுத்த வியாழன். ஸ்லைடுகளை அத்தையிடம் காட்டினேன். வாய் பூட்டிய அந்த முகமூடியில் நிறுத்தச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "இத உங்க மாமா இருக்கும்போது கொண்டு வா" என்றார்.