கையெழுத்துக் கூலி

மார்ச் 12, 2025, நேப்பர்வில்

என்னை நோட்டரியாக அனுப்பும் ஏஜென்சியின் பதிலில் இன்றும் மாற்றமில்லை: லோன் ஃபண்ட் ஆகவில்லை, ஃபீ கிடையாது.

பிப்ரவரி 6 அன்று அரோராவில் ஒரு ரீஃபைனான்ஸ் கையெழுத்து. பேசியது 75 டாலர். இரண்டு செட் பேப்பரும் அச்சானது என் பிரிண்டரில், போய்வந்தது என் பெட்ரோலில். மூன்று வேலை நாளுக்குள் கடனை ரத்து செய்யலாம் என்ற நோட்டீஸை, சட்டப்படி, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் இரண்டிரண்டு பிரதி கொடுத்ததும் நான்தான். அவர்கள் ரத்து செய்துவிட்டார்கள். ரத்தானது கடன். நான் போய்வந்ததுமா?

மார்ச் 13

தூக்கமில்லை. 75 டாலருக்கு!

மார்ச் 17

அன்று அரோராவில், செலவுப் பட்டியலில் 'சைனிங் ஃபீ 225' என்ற வரியில் விரல் வைத்து, "ஒரு மணி நேரத்துக்கு நல்ல காசுதான்" என்றார் அந்த வீட்டம்மா. சிரித்து வைத்தேன். மீதி 150 டைட்டில் கம்பெனியிடம் தங்கியதா, ஏஜென்சியிடமா, யார் கண்டது? 2021-ல் வட்டி மூன்று சதவீதத்துக்குக் கீழே கிடந்தபோது நான் 150 கேட்டாலும் கொடுத்தார்கள். வட்டி ஏழைத் தாண்டியதும் ரீஃபைனான்ஸ் வற்றிவிட்டது. இப்போது 75-க்கே போட்டி.

மார்ச் 25

ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. "50-க்கு ஒத்துக்கிட்டா இன்னைக்கே அனுப்பிடறோம்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "வாங்கிட்டு விட்டுத்தொலை" என்கிறார் என் வீட்டுக்காரர்.

இலினாய் ஃப்ரீலான்ஸர் சட்டத்தைப் படித்தேன். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. 120 நாளில் ஒரே இடத்துக்கு 500 டாலர் வேலை பார்த்திருந்தால், வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தரவேண்டும். குறைத்துக்கொண்டால்தான் நேரத்தில் தருவேன் என்று பேரம் பேசக் கூடாது. எனக்கு 500 தாண்டுகிறது. ஆனால் 'லோன் முடிந்தால்தான் கூலி' என்ற நிபந்தனை இதன்முன் நிற்குமா? அதைத் தொழிலாளர் துறைதான் சொல்லவேண்டும்.

மார்ச் 30

கோயிலில் பழக்கமான பெரியவர் வீட்டுக்கு வந்தார். கும்பகோணம் பக்கத்து நிலத்தை விற்கத் தம்பிக்குப் பவர் எழுதித் தருகிறார். பாஸ்போர்ட்டைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, முத்திரை வைத்தேன். இந்தியாவில் அது செல்லுபடியாவதற்கான அப்போஸ்டிலுக்கு எங்கே அனுப்புவது என்றும் சொன்னேன்.

"எவ்வளவும்மா?"

"அஞ்சு டாலர் ஐயா. இங்க சட்டம் அதுக்கு மேல விடாது."

இருபதை நீட்டினார். மீதியைக் கொடுத்தேன்.

"நாளைக்கு ஊர்ல நிலம் விக்கலேன்னா இந்த அஞ்சைத் திருப்பித் தருவியா?" சும்மா வம்புக்குத்தான்.

"அது எப்படிங்கய்யா? நீங்க கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன்ல, அதுக்குக் காசு."

காபி குடித்துவிட்டுப் போனார்.

மார்ச் 31

டோனர் தீர்ந்தது.

ஏப்ரல் 4

தொழிலாளர் துறைக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: வேலை முடிந்த நாள், பிப்ரவரி 6.

மாலையில் அதே ஏஜென்சியிடமிருந்து மெசேஜ். ஜோலியட், இரவு 7 மணி, 80 டாலர். கடன் ரத்தானாலும் முழுத்தொகை என்று எழுத்தில் கொடுங்கள், வருகிறேன் என்றேன். வேறு ஆள் கிடைத்துவிட்டதாகப் பத்தே நிமிடத்தில் பதில்.

புகாரை இன்னும் அனுப்பவில்லை. அந்த 50-க்கும் பதில் சொல்லவில்லை.