அணிலாடு மாடி

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தென் தில்லியில் பழைய வீடொன்றின் மொட்டைமாடி அறைக்குக் குடிவந்தேன். இங்கே இத்தகைய அறையைப் ‘பர்சாத்தி’ என்பார்கள். மழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அறை சிறிது, அதன் முன்னிருந்த மாடி பெரிது. என் ஆய்வு உதவித்தொகை நின்று அப்போது எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஆய்வேட்டின் நான்காம் இயல் பாதியில் கிடந்தது. நாள் முழுதும் மேசையின் முன் அமர்ந்திருப்பவனுக்குக் கண்ணை ஆற்றிக்கொள்ள ஏதேனும் வேண்டுமென்று, வாரச் சந்தையில் பறவைகளுக்குத் தீனி வைக்கும் குடுவை ஒன்றை வாங்கிவந்தேன்.

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடுவை. அடியில் நான்கு துளைகள். ஒவ்வொன்றின் முன்னும் குருவி அமர ஒரு குச்சி. மளிகைக் கடையில் ‘பாஜ்ரா’ என்று கேட்டு வாங்கிய கம்பை அதில் நிரப்பி, துணி உலர்த்தும் கொடியில் நைலான் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். என் மனத்தில் இருந்த விருந்தாளி சிட்டுக்குருவி மட்டுமே. 2012இல் தில்லி அரசு அதனை மாநிலப் பறவையாக அறிவித்தது. விடுதியில் வாழ்ந்த ஆறு ஆண்டுகளில் என் சன்னலருகே அதனை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை. ஆண்டுதோறும் மார்ச் 20ஆம் நாள் சிட்டுக்குருவிப் படமொன்றைப் பகிர்வதோடு என் கடமை முடிந்துவந்தது.

நான்காம் நாள் குருவிகள் வந்தன. ஐந்தாம் நாள் அணில் வந்தது.

முதலில் அது கயிற்றைக் கடித்தது. குடுவை கீழே விழுந்து, கம்பு மாடியெங்கும் சிதறியது. கயிற்றுக்குப் பதிலாக இரும்புக் கம்பியைக் கட்டினேன். கம்பி வழியே தலைகீழாக இறங்கிவந்து, பின்னங்கால்களால் தொங்கியபடியே முன்கைகளால் தானியத்தை எடுத்துத் தின்றது. குடுவைக்கு மேலே பழைய எவர்சில்வர் தட்டொன்றைக் குடைபோலப் பொருத்தினேன். இரண்டு நாள் அதில் வழுக்கி விழுந்தது. மூன்றாம் நாள் கம்பியைக் கைவிட்டு, ஏர்கூலரின் மேலேறி, அங்கிருந்து நேராகக் குடுவையின்மீது பாய்ந்தது. குடுவையைக் கூலரிலிருந்து தள்ளிக் கட்டினேன். சுவரில் ஒரு கணம் கால் ஊன்றித் திசை மாற்றிப் பாய்ந்தது. என் நாட்குறிப்பில் அன்றைய தேதிக்குக் கீழே, “திருடன் வென்றான்” என்று எழுதியிருக்கிறேன்.

தோற்றால் படிக்கத் தொடங்குவது ஆய்வாளனின் வழக்கம். தென்னிந்தியாவில் நாம் பெரிதும் காண்பது முதுகில் மூன்று கோடுகள் கொண்ட அணில். 1766இல் லின்னேயஸ் பெயரிட்ட ஃபனாம்புலஸ் பல்மாரம். தில்லியில் இருப்பது ஐந்து கோடுகள் கொண்ட ஃபனாம்புலஸ் பென்னன்டி. 1905இல் ரௌட்டன் விவரித்த இனம். இராமனின் மூன்று விரல் பட்ட தடமே அணிலின் கோடுகள் என்று பாட்டி சொன்ன கதைக்கு விந்தியத்தைத் தாண்டியதும் இரண்டு விரல் பற்றாமல் போகிறது. மர அணில்களின் பின்னங்கால் கணு, பாதம் பின்னோக்கும்படி திரும்பக்கூடியது. ஆகையால் தலைகீழாக இறங்கும்போதும் நகங்கள் பிடியை விடுவதில்லை. ‘ஃபனாம்புலஸ்’ என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தர் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய உயிரை விலக்குவதற்குத்தான் நான் கயிற்றையும் கம்பியையும் நம்பியிருந்தேன்.

வேறு இன அணில்களைப் பற்றிய ஆய்வுகள் கலக்கத்தை மிகுவித்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்கள் 2021இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, அணில்கள் கிளை வளையும் அளவையும் தாவவேண்டிய தொலைவையும் சீர்தூக்கிப் பார்த்தே பாய்கின்றன. சில முயற்சிகளுக்குள் பிழையைத் திருத்திக்கொள்கின்றன. வேண்டுமானால் செங்குத்துச் சுவரில் கால் பதித்து வேகத்தை மாற்றிக்கொள்கின்றன. 2017இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், உணவுப் பெட்டியைத் திறக்கக் கற்ற சாம்பல் அணில்கள் 22 மாதங்கள் கழித்தும் அந்த உத்தியை மறக்கவில்லை. ஆய்வுக் குழுவின் முன் 22 மாதங்களுக்கு முன்னர் நான் என்ன பேசினேன் என்பது எனக்கு நினைவில்லை.

இறுதியில் மிளகாயை நாடினேன். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின், பாலூட்டிகளின் உடலில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்னும் ஏற்பியைத் தூண்டுகிறது. பறவைகளின் ஏற்பி அதற்கு இசைவதில்லை என்பதை, யோர்ட்டும் டேவிட் ஜூலியசும் கோழியின் ஏற்பியைக் கொண்டு 2002இல் மூலக்கூறு அளவில் காட்டினர். அதே ஜூலியசுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செடியின் நோக்கில் இது பொருத்தமான ஏற்பாடு: விதையை மென்று அழிக்கும் கொறிவிலங்கைக் காரம் விலக்குகிறது, விதையை முழுதாகக் கடத்திச் செல்லும் பறவையை அது தடுப்பதில்லை. அமெரிக்கக் கடைகளில் காரம் சேர்த்த பறவைத் தீனியே விற்கிறார்கள். ஆக, அறிவியல் என் பக்கம் இருந்தது. இரண்டு கரண்டி மிளகாய்த்தூளைச் சிறிது எண்ணெய்விட்டுக் கம்பில் பிசைந்து குடுவையை நிரப்பினேன்.

அது ஜனவரி மாதம். பனிமூட்டம் விலகி வெயில் வந்த ஒரு முற்பகல். அணில் வந்தது, ஒரு பிடி எடுத்தது, உடனே உதறியது. கைப்பிடிச் சுவரின் சிமெண்டில் முகத்தை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தேய்த்தது. முன்கைகளால் மூக்கைத் துடைத்தது. அந்தக் கைகளிலும் காரம் இருந்ததால் எரிச்சல் கண்ணுக்கும் ஏறியிருக்க வேண்டும். வட்டமாகச் சுற்றி ஓடியது. சன்னலுக்குப் பின்னால் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த நான் சிரித்தேன். இதை மறைப்பதற்கில்லை.

அப்போது வெயில் காய்வதற்காக வீட்டுக்கார அம்மாள் மாடிக்கு வந்தார். எழுபதைக் கடந்தவர்.

“அதற்கு என்ன ஆயிற்று, பேட்டா?”

விளக்கினேன். நோபல் பரிசையும் விட்டுவைக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீ தீனி வைப்பது யாருக்கு?”

“குருவிக்குத்தான், ஆன்ட்டி.”

“நீ இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அது அந்த வேப்பமரத்தில் இருக்கிறது” என்றார். வேறொன்றும் சொல்லாமல் நாற்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டு அமர்ந்துகொண்டார்.

அன்றிரவு நான்காம் இயலைத் திறந்தேன். பஞ்சாப், ஹரியானா சிற்றூர்களில் ‘ஷாம்லாத்’ என்று வருவாய் ஆவணங்கள் குறிக்கும் பொதுநிலங்களைப் பற்றியது என் ஆய்வு. மேய்ச்சல், விறகு பொறுக்குதல், அறுவடைக்குப் பின் சிந்திய கதிரைத் திரட்டுதல் போன்ற வழக்கங்கள் எவ்வாறு குற்றங்களாயின என்பதே என் கேள்வி. 1842இல் இளம் மார்க்ஸ் ரைன் நாளிதழில் எழுதிய விறகுத் திருட்டுச் சட்டம் பற்றிய கட்டுரைகளில் இயல் தொடங்குகிறது. காட்டில் உதிர்ந்த சுள்ளியை ஏழைகள் பொறுக்குவது நெடுநாளைய வழக்கம். ரைன் மாகாணச் சட்டமன்றமோ அதனைத் திருட்டு என வரையறுக்க முனைந்தது. “உடைமை வரையறுக்கப்பட்ட பிறகே திருடன் பிறக்கிறான்” என்று நான் எழுதியிருந்த வரிக்குப் பக்கத்தில் நெறியாளர் ‘நன்று’ என்று குறித்திருந்தார். அதே மேசைமேல் என் நாட்குறிப்பு இருந்தது. மூன்று வாரங்களாக அதில் அணிலுக்கு நான் இட்டிருந்த பெயர் ‘திருடன்’.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் அதை விட்டுவிட்டால் இந்தப் பதிவு அரைப்பொய்யாகிவிடும். உதவித்தொகை நின்ற சில மாதங்களில் விடுதியில் எனக்குரிய காலமும் முடிந்தது. இந்த அறை கிடைக்கும்வரை, நான்கு மாதங்கள், இளைய மாணவர் ஒருவரின் அறையில் தரையில் படுத்திருந்தேன். இரவில் சோதனை வருகிறதென்று தெரிந்தால், போர்வையை மடித்து அலமாரிக்குள் திணித்துவிட்டு வாசிப்பறைக்குப் போய்விடுவேன். உணவுக்கூடத்துப் பட்டியலில் என் பெயர் இல்லை. பரிமாறும் அண்ணன் ஒருவர் மட்டும் கையெழுத்துக் கேட்காமல் தட்டை நீட்டுவார். அவருக்கு வார விடுப்பு எந்த நாள், காவலர் எத்தனை மணிக்கு மாறுவார், பின்பக்கக் கதவு எப்போது திறந்திருக்கும் என்பவையெல்லாம் எனக்கு மனப்பாடம். நிருவாகத்தின் மொழியில் நான் ‘அனுமதியற்றவர்’. அணிலின் கூர்மதியைக் கட்டுரைகளில் படித்து வியந்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. கூர்மதி என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி, பசித்த உயிர் தன் இடத்தைப் படித்துக்கொள்வதுதான். நானும் அப்படிப் படித்துக்கொண்டவனே. எனக்கு யாரும் சோற்றில் மிளகாயைப் பிசைந்து வைக்கவில்லை.

மறுநாள் குடுவையைக் கழுவிப் புதுக் கம்பை நிரப்பினேன். இரண்டு வாரங்கள் எதையும் தடுக்காமல், பார்த்ததை மட்டும் குறித்துக்கொண்டேன். அணில் பெரும்பாலும் காலையில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் வந்தது. தின்றதைவிடச் சிந்தியதே மிகுதி. அந்தச் சிந்தலுக்குச் சின்னத் தவிட்டுப்புறாக்கள் வந்தன. குடுவையின் குச்சி அவற்றின் உடம்பைத் தாங்காது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஆரவாரத்தோடு வந்து தரையைக் கிளறியது. சிட்டுக்குருவிகளில் பாதிகூடத் தரையில்தான் மேய்ந்தன. குடுவையை நான் காவல் காத்த நாள்களில் தரை துப்புரவாக இருந்தது. இவற்றில் பலவும் வரவில்லை. பக்கத்து மாடிப் பூனை கைப்பிடிச் சுவரில் ஏறினால், வாலை வெட்டிவெட்டி இழுத்தபடி அணில் கீச்சிடும். அடுத்த கணம் குருவிகள் எழும்பிவிடும். கதிர் பொறுக்குவோரைப் பற்றி நூறு பக்கம் எழுதியவன், தன் மாடியில் கதிரைச் சிந்திய கையையே தடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதன்பின் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தேன். காலையில் குடுவையை நிரப்புவதற்கு அரைமணி நேரம் முன்பே, கூலரின் மேலுள்ள மண்தட்டில் உப்பில்லாத நிலக்கடலையைத் தோட்டோடு வைத்துவிடுகிறேன். அணில் அதனை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வேம்புக்கு ஓடும். குடுவையை முற்றிலும் மறப்பதில்லை, ஓரளவு மறக்கிறது. கம்பு இரண்டு பிடி மட்டுமே, நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். இரவில் எதுவும் மிஞ்சினால் எலி வரும். குடுவையை வாரந்தோறும் கழுவி வெயிலில் உலர்த்துகிறேன். கோடையில் தீனியைவிடத் தண்ணீர்ச் சட்டிக்கே வரவு மிகுதி. வெப்பம் 45 பாகையைத் தொடும் நாள்களில் அணிலும் மைனாவும் அதன் விளிம்பில் எதிரெதிரே நின்று குடிக்கின்றன.

இதனை அன்பு வென்ற கதையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூடு கட்டுவதற்காக அது என் ரஜாயைக் கிழித்துப் பஞ்சைக் கொண்டுபோனது. இயலைச் சமர்ப்பிக்கவேண்டிய வாரத்தில் இணையக் கம்பியைக் கடித்துத் துண்டித்தது. கொடிச் சம்பங்கியில் கூடு கட்டியிருந்த கொண்டைக்குருவியின் முட்டைகள் ஒரு காலையில் காணாமற்போயின. அன்று அந்தக் கொடியில் அணிலை நான் பார்த்தேன். அணில்கள் சில வேளைகளில் முட்டை தின்பதுண்டு. அன்று முழுதும் எனக்கு அதன்மேல் கசப்பு இருந்தது. கம்பியை இரும்புக் குழாய்க்குள் செலுத்தினேன். ரஜாயை உள்ளே உலர்த்துகிறேன். முட்டைக்கு என்னிடம் தீர்வில்லை. சேர்ந்து வாழ்தல் என்பது இந்தக் கணக்குகள் அனைத்தும் தீர்ந்தபின் தொடங்குவதென்றால், அது ஒருநாளும் தொடங்காது.

குறுந்தொகையின் 41ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அவர் ஆண்ட தொடரே பெயராகி, அணிலாடு முன்றிலார் என்று நிலைத்துவிட்டார். காதலன் அருகில் இருந்தால் விழாக்கொண்ட ஊர்போல மகிழும் தலைவி, அவன் நீங்கினால், மக்கள் குடிபெயர்ந்துவிட, முற்றத்தில் அணில் விளையாடும் வெற்று வீடுபோலப் பொலிவிழப்பதாகத் தோழியிடம் சொல்கிறாள். இளங்கலை வகுப்பில் இதைப் படித்தபோது தலைவியின் துயரம் மட்டுமே மனத்தில் நின்றது. இப்போது அந்த முற்றத்தை நினைத்துக்கொள்கிறேன். மனிதர் போனால்தான் அங்கே அணிலுக்கு இடம் கிடைக்கிறது. மனிதர் இருக்கும்போதே அணிலும் ஆடுகிற முற்றம் ஒன்று இருக்கக்கூடும் என்பதை இந்த மாடியில்தான் கற்றேன்.

சென்ற மாதம் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். நன்றியுரையில் அணிலைச் சேர்க்கத் துணிவு வரவில்லை; ஆகவே இங்கே எழுதுகிறேன். அடுத்த மாதம் அறையைக் காலி செய்கிறேன். குடுவையையும் மண்தட்டையும் வீட்டுக்கார அம்மாளிடம் ஒப்படைத்தேன். நாளொன்றுக்கு எத்தனை கடலை என்று கேட்டார்.

“ஆறு, ஆன்ட்டி.”

“அது போதுமா அதற்கு?” என்றார்.