சிவப்பு பிரேக்கும் இடது காலும்

முன்சக்கரத்தின் மெல்லிய கம்பிகளுக்கு நடுவே சிவப்பாக ஒன்று தெரிந்தது. அதன்மேல் வெள்ளை எழுத்தில் பிரெம்போ என்று பொறித்திருந்தது. அந்த மனிதர் குந்தி உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கம்பிகளுக்குள் விரலை விட்டுத் தொட்டும் பார்த்தார். மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜன்னலில் ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் விற்பனைக்கு நிற்கும் புதுக் கார் ஒவ்வொன்றிலும் விலையையும் என்னென்ன அடக்கம் என்பதையும் அச்சிட்டு ஒட்ட வேண்டும். 1958இல் வந்த சட்டம்.

"ஏனுங்க, இதுல ஆட்டோமேட்டிக் இல்லீங்களா?"

கொங்குத் தமிழ். நியூ ஜெர்சியில், எடிசன் பக்கத்தில், ரூட் 1 சாலையோரத்து ஷோரூமில் அதைக் கேட்டதும் காது தானாகத் திரும்பியது. உறவினர் ஒருவரின் காருக்கு ஆயில் மாற்றும் வரை காப்பி இயந்திரத்துக்கு அருகே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்ப் பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது நின்றுபோயிருக்கும்.

"இந்த பேக்கேஜ் வேணும்னா மேனுவல் மட்டும்தான்" என்றார் அவர், எழுந்திருக்காமலே.

வண்டி மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, துணிக்கூரை, ஏறத்தாழ 1,060 கிலோ எடை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டினார்கள். 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தது. பெரிய எஞ்சின் கிடையாது. திருப்பத்தில் வண்டி எப்படி வளைகிறது என்பதற்காகவே வாங்கப்படும் கார். அந்தத் திருப்பத்தை இன்னும் கூர்மையாக்கும் சாமான்களைத்தான் அமெரிக்காவில் கிளப் என்ற வகையில் கட்டிக் கொடுக்கிறார்கள். பில்ஸ்டீன் ஷாக் அப்சார்பர், முன்பக்கம் குறுக்கே இறுக்கும் கம்பி, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். இன்னும் கொஞ்சம் பணம் போட்டால் பிரெம்போ பிரேக், பிபிஎஸ் வீல், ரெக்காரோ சீட். இத்தனைக்கும் ஒரே நிபந்தனை, கிளட்ச் மிதிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அவருக்குத் தெரியாது. அவர் பேசியதிலிருந்து சிறிது நேரத்தில் அது புரிந்தது. ஊரில் பைக்தான். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்குப் போய்ப் பந்தயம் பார்த்திருக்கிறார். நரேன் கார்த்திகேயன் எங்க ஊர்க்காரர் என்று விற்பனை இளைஞரிடம் சொன்னபோது குரலில் ஒரு நிமிர்வு இருந்தது. கார் ஓட்டப் படித்ததெல்லாம் இங்கே வந்த பிறகு, ஆட்டோமேட்டிக்கில். கிளட்ச் தெரிந்தவர் மனைவி. கோயம்புத்தூரில் மாருதி 800இல் பழகி, வேலைக்கும் அதிலேயே போய் வந்தவர்.

"பைக்ல கிளட்ச் புடிச்சவன்தான நானு?"

"கைக்கும் காலுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க."

இந்தத் தம்பதியை நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. கிளட்ச் தெரிந்தவருக்கு அது வேண்டாம். தெரியாதவருக்குத்தான் அது வேண்டும். அந்த அம்மாவுக்குக் கிளட்ச் என்றால் அவிநாசி சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று, மேட்டில் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பிடித்து, வீட்டுக்கு வந்ததும் இடது காலை நீவிவிட்டுக்கொண்ட ஞாபகம். நம் ஊரில் மேனுவல் என்பது எல்லோரும் வாங்கிய வண்டி. ஆட்டோமேட்டிக் பணம் இருப்பவர்களுடையதாக இருந்தது. 2014இல் மாருதி செலேரியோ ஏஎம்டி வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பம் இடது காலுக்கு ஓய்வு கொடுக்கலாமா என்று யோசிக்கவே தொடங்கியது. அமெரிக்காவில் கதை நேர் தலைகீழ். இங்கே புதிதாக விற்கும் கார்களில் நூற்றுக்கு ஓரிரண்டுதான் மேனுவல். அதைக் கேட்டு வாங்குபவர் ஆசைப்பட்டு வாங்குபவர். இந்தச் சின்னக் காரில் மட்டும் பாதிக்கு மேல் மேனுவலாகவே விற்கிறது. ஒரே பெடல், ஓர் ஊரில் கட்டாயம், இன்னோர் ஊரில் கொடுப்பினை. அந்த வீட்டில் இரண்டு ஊரும் இருந்தன.

வேகத்துக்காக மேனுவல் என்ற காலம் முடிந்துவிட்டது. ஃபெராரி கிளட்ச் பெடலை நம்பாத கியர்பாக்ஸை ஃபார்முலா 1க்குக் கொண்டுவந்தது 1989இல், ஜான் பர்னார்டின் வடிவமைப்பு. அந்த ஆண்டு பிரேசிலில் முதல் பந்தயத்திலேயே ஃபெராரி ஓட்டுநர் மான்செல் அதை ஓட்டி ஜெயித்தார். 2005இல் நரேன், ஜோர்டன் அணியின் காரில் ஏறியபோது எல்லா அணிகளுமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த துடுப்பைத் தட்டித்தான் கியர் மாற்றின. சாலைக் காரிலும் அப்படித்தான். 2023இல் வந்த பிஎம்டபிள்யூ எம்2 நூறு கிலோமீட்டர் வேகம் தொட ஆட்டோமேட்டிக்கில் 4.1 நொடி எடுத்தது, மேனுவலில் 4.3. போர்ஷே 2013இல் 911 ஜிடி3யை மேனுவலே இல்லாமல் கொண்டுவந்தது. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவு. ஆனால் வாங்குபவர்கள் விடவில்லை. 2016இல் மேனுவலாக மட்டும் 911 ஆர் என்று 991 வண்டிகள் செய்தார்கள், அத்தனைக்கும் போட்டி. அடுத்த ஆண்டு ஜிடி3க்கே மேனுவல் திரும்பி வந்தது. நொடி போனாலும் போகட்டும், என் கையும் காலும் சேர்ந்து இந்த வண்டியை ஓட்டட்டும் என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். வளைவுக்கு முன்னால் கியரைக் குறைக்கும்போது எஞ்சின் எழும்பும் சத்தமும், லீவர் சரியான இடத்தில் விழும் அந்தச் சிறு தட்டலும் உடம்பில் பதியும் சுகங்கள்.

என் வருத்தம் வேறு இடத்தில். நல்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் என்ன சம்பந்தம்? ஆட்டோமேட்டிக் ஓட்டுபவரும் அதே மலைச் சரிவில்தான் இறங்குகிறார். அவருடைய முதுகுக்கும் அந்த ரெக்காரோ சீட் பொருந்தும். டிஃபரன்ஷியலில்கூட முழு நியாயம் எனக்குத் தெரியவில்லை. திருப்பத்தில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறையும். சாதாரண டிஃபரன்ஷியலில் எஞ்சினின் விசை அந்தப் பாரமில்லாத சக்கரத்தைச் சும்மா சுழற்றி வீணாகும். லிமிடெட் ஸ்லிப் அதைப் பிடித்து நிறுத்தி வெளிச்சக்கரத்துக்கும் பங்கு தரும். கியரை யார் மாற்றினார்கள் என்று சக்கரத்துக்குத் தெரியப்போவதில்லை. ஒவ்வொரு சேர்மானத்தையும் தனித்தனியே சோதித்துச் சான்று வாங்குவது செலவு, கேட்பவர் குறைவு என்று தொழிற்சாலை சொல்லும். கணக்காகச் சரி. அந்தக் கணக்கில் விடுபடுபவர் யார் என்றும் பார்க்க வேண்டும். முழங்கால் போனவர்கள், இடது காலே இல்லாதவர்கள், ஒரே காரை மாற்றி மாற்றி ஓட்டும் கணவன் மனைவி. இந்தக் கார் பிறந்த ஜப்பானில் 1991 முதல் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டுமான ஓட்டுநர் உரிமம் உண்டு. புதிதாக எடுப்பவர்களில் பெரும்பாலோர் அதைத்தான் எடுக்கிறார்கள். அங்கும் பில்ஸ்டீன் போட்ட ஆர்எஸ் வகை மேனுவலில் மட்டும். அவர்களுக்குத் திருப்பத்தின் ருசி வேண்டாம் என்று யார் சொன்னது?

விற்பனை இளைஞர் பொறுமைசாலி. ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் கிராண்ட் டூரிங் இருக்கிறது, தோல் சீட், போஸ் ஸ்பீக்கர், துடுப்பு கியரும் உண்டு என்றார். அவர் காட்டிய படத்தில் சக்கரத்துக்கு நடுவே சிவப்பு இல்லை. கணவர் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இந்த வண்டியைப் பார்த்தார்.

"ஒரு சுத்து ஓட்டிப் பாரேன். உனக்குத்தான் தெரியுமல்லோ."

இரண்டே சீட் என்பதால் இளைஞர் கூடப் போகவில்லை. உரிமத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார். ஓட்டிப் பார்க்கும் வண்டி கண்ணாடிச் சுவருக்கு நேர் வெளியேதான் நின்றது. கூரை திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது. அந்த அம்மா ஏறி உட்கார்ந்ததும் இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் முட்டியது. நம் ஊரில் கியர் இடக்கைப் பக்கம், இங்கே வலக்கைக்கு. இத்தனை வருடம் இங்கே ஓட்டியும், கிளட்சில் கால் பட்ட நொடியில் கை பழைய இடத்துக்கே போனது. அவரே சிரித்துக்கொண்டார். வலது கையால் லீவரைப் பிடித்து இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கும் அந்த ஆட்டல், நம் ஊர் டிரைவிங் ஸ்கூல் எதிலும் முதல் நாள் சொல்லித் தருவது. கிளட்சை மிதிக்காமல் இந்த வண்டி ஸ்டார்ட்டே ஆகாது, ஆட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் ஆட்டினார். பிறகு சீட்டை ஓர் அங்குலம் முன்னால் இழுத்து, கிளட்சை அடிவரை மிதித்துப் பார்த்து, இன்னும் ஓர் அங்குலம் இழுத்தார்.

வண்டி குலுங்காமல் கிளம்பியது. பக்கத்தில் கணவர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, மனைவியின் கால்களையே பார்த்துக்கொண்டு போனார்.

ரூட் 1இல் இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலப்பக்கமே விலகி, ஒரு வளையத்தைச் சுற்றி வந்து குறுக்கே கடக்க வேண்டும். நியூ ஜெர்சிக்கே உரிய அந்த வளையத்தில் இந்தக் காரை ஓட்டிப் பார்ப்பதைவிட நல்ல சோதனை கிடையாது. அவர்கள் சொன்ன நேரத்தைவிடத் தாமதமாகத்தான் வந்தார்கள். இரண்டு சுற்று போயிருப்பார்கள் என்று தோன்றியது. அந்த அம்மா நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு இறங்கினார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. கூந்தல் கலைந்திருந்ததை ஒதுக்கிக்கொள்ளவில்லை.

உள்ளே வந்ததும் அவர் கேட்டார், "எப்படி இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குதுங்க. இத்தன நாளா மறந்தே போயிட்டேன்."

"அப்ப இதையே எடுத்துக்கலாமா?"

அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. காப்பி இயந்திரத்துக்கு வந்து ஒரு கோப்பை எடுத்தார். எனக்குக் கையெட்டும் தூரம். நான் சுவரில் இருந்த டிவியைப் பார்த்தேன்.

"வேண்டாங்க. நான் ஓட்ட, நீங்க பக்கத்துல உக்காந்து வாரதுக்கா காசு சேத்தீங்க? படத்த ஒட்டி வெச்சிட்டுக் கெடந்தது நீங்க."

"கத்துக்கறேன்."

"கத்துக்குங்க. வேற வண்டியில கத்துக்குங்க. தெனமும் நூறு தடவ நிக்கிற ரோட்டுல, புது வண்டிய வெச்சு, பயந்துட்டே கத்துக்கிட்டா உங்களுக்கு இதுமேல இருக்கிற ஆசையே போயிரும். எனக்கு அப்படித்தான் போச்சு."

அவரிடம் அதற்குப் பதில் இல்லை. நானும் மனத்துக்குள் ஒன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆசைக்காக ஓட்டும் கார் என்பதால்தான் அந்த அம்மா இவ்வளவு கண்டிப்பாக இருந்தார். ஆபீசுக்குப் போகிற வண்டியாக இருந்திருந்தால் எது கிடைத்தாலும் சரி என்றிருப்பார்.

பிறகு கிராண்ட் டூரிங்கைக் கணவர் ஓட்டிப் போய் வந்தார். ஓட்டிப் போன விதமே வேறு. தோள் தளர்ந்து, ஒரு கை கதவு மேல். திரும்பி வந்து, துடுப்பைத் தட்டித் தட்டி வளையத்தில் கியர் குறைத்ததைக் கையாலேயே செய்து காட்டினார். சத்தம் நன்றாக இருந்தது, பின்பக்கம் மட்டும் கொஞ்சம் தயங்குகிறது என்றார். வெளியேறும்போது உள்சக்கரம் வீணாய்ச் சுழல்வதைத்தான் அவர் சொன்னது. அவ்வளவு நுணுக்கமாக உணர்ந்த மனிதருக்கு அந்த டிஃபரன்ஷியல் கிடைக்காது என்பது எனக்கு அப்போதுதான் நன்றாக உறைத்தது.

மேசையில் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிடைக்காதவற்றைப் பேனாவால் ஒவ்வொன்றாகக் குறித்தார். பிரேக் வந்தபோது பேனா நின்றது.

அந்த அம்மா ஆங்கிலத்தில் இளைஞரிடம் கேட்டார். இந்த பிரேக் ஏன் அந்த வண்டிக்கு வராது? தொழிற்சாலை அப்படிக் கட்டுவதில்லை என்றார் அவர். வெளியில் மாட்டிக்கொள்ளலாமா? அதற்கென்று கடைகள் இருக்கின்றன, வாரண்டி பற்றி முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றார்.

"எவ்வளவு ஆகும்னு எழுதித் தரச் சொல்லுங்க" என்றார் கணவரிடம், தமிழில். "டிஃபரன்ஷியலோ என்னமோ, அத அப்பறம் பாத்துக்கலாம். பிரேக்க விடாதீங்க."

பதினாறு அங்குலச் சக்கரமாக இருந்தால் அந்தப் பெரிய பிரேக் உள்ளே இடிக்குமே என்று கணவர் கவலைப்பட்டார். இளைஞர் எழுந்து போய், கிராண்ட் டூரிங்கின் டயரில் அச்சாகியிருந்த எண்ணைக் குனிந்து படித்துவிட்டு வந்து, பதினேழுதான், மாட்டலாம் என்றார்.