சிவப்பு விளக்கு சொல்லாத விஷயம்

ஆயில் பிரஷர் இறங்கினால் உடனே என்ஜினைப் பிரிக்க வேண்டுமா? ஒரு பழைய அம்பாசடர் சொல்லும் பாடம்.

பெங்களூரில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு சில்க் போர்டு சந்திப்பு ஒரு பரீட்சைக் கூடம். ஓடும்வரை சாதுவாக இருக்கும் கார், அரை மணி நேரம் ஊர்ந்து, சூடேறி, ஐட்லிங்கில் நிற்கும்போது டாஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டும். வண்டி நகர்ந்தால் அணைந்துவிடும். 'அதுதான் அணைந்துவிட்டதே' என்று மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. மறுநாளே என்ஜினை இறக்கக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. முதல் ரகத்தினர் என்ஜினை இழக்கிறார்கள். இரண்டாவது ரகத்தினர் பணத்தை.

அல்சூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற பொதுத்துறை ஊழியர் ஒருவர் இரண்டாவது ரகத்தில் சேர இருந்தார். அவருடையது 1984-ம் வருட மார்க் 4 அம்பாசடர். 1489 சிசி பெட்ரோல் என்ஜின். வழக்கமாகப் போகும் காரேஜில் விளக்கைப் பார்த்ததுமே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: 'கிராங்க் போயிடுச்சு. முழுசா இறக்கணும்.' கேட்ட தொகை அவருடைய ஐந்து மாத பென்ஷன். ஓசூரில் வேலை பார்க்கும் மகன், "ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்கப்பா" என்றார்.

மகன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. 15 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025-ல் அது 10,000 ஆக்கப்பட்டது. உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால் பெரியவரின் கணக்கு வேறு. முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட அவர் மனைவி குனியாமல் ஏறி, காலை மடக்காமல் உட்கார முடிகிற கார் அது ஒன்றுதான். ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் அதில்தான் போகிறார்.

அதனால் இன்னொருவரிடமும் கேட்டுவிடலாம் என்று சிவாஜிநகர் சந்து ஒன்றில் சிறிய ஷெட் வைத்திருக்கும் தமிழ் மெக்கானிக்கிடம் போனார். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன் கேட்டது ஒரே கேள்வி. "பிரஷர் எவ்வளவு இருந்துச்சுன்னு அளந்தாங்களா சார்?"

"இல்லையே மேஸ்திரி. விளக்கு எரியுதுன்னாங்க."

"விளக்கு எரியறது நமக்கும் தெரியுதே சார்."

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஆயில் விளக்கை எரியவைப்பது என்ஜினில் பூட்டிய ஒரு சின்ன சுவிட்ச். பெரும்பாலான கார்களில் பிரஷர் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டுக்குக் கீழே போனால் விளக்கு எரியும். ஏன் போனது என்று அதற்குத் தெரியாது. சுவிட்சே கெட்டிருக்கலாம். அதன் வயர் எங்காவது பாடியில் உரசியிருக்கலாம்.

பம்ப் பிரஷரை உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பம்ப் ஆயிலைத் தள்ள மட்டுமே செய்கிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாக அது சுலபமாக வெளியேற முடியாமல் தடைபடுவதால்தான் பிரஷர் உண்டாகிறது. நல்ல என்ஜினில் அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, தலைமயிரின் தடிமனைவிடக் குறைவு. தேய்ந்து அது இரண்டு மடங்கானால் கசிவு இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய எட்டு மடங்கு. சூட்டில் ஆயில் இளகும்போது இன்னும் அதிகம். ஐட்லிங்கில் பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் ஈடுகொடுக்க முடிவதில்லை. டிராஃபிக்கில் மட்டும் விளக்கு எரிவதன் ரகசியம் இதுதான்.

சிவாஜிநகர் மெக்கானிக் செலவில்லாத வேலைகளிலிருந்து ஆரம்பித்தார். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, குச்சியை எடுத்து ஆயில் அளவைப் பார்த்தார். சரியாக இருந்தது. விரலில் தேய்த்து முகர்ந்தார். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் உள்ள கார்களில் டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்பில் இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கிவிடும். பெட்ரோல் வாடை இல்லை. தண்ணீர் கலந்தால் தெரியும் பால் நிறமும் இல்லை. பழைய ஆயிலை இறக்கி, 20டபிள்யூ-50 ஆயிலும் புது ஃபில்டரும் போட்டார். புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயிலைப் பழைய என்ஜினில் ஊற்றுவதாலேயே பிரஷர் இறங்குவது உண்டு.

பிறகு சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் மீட்டரைப் பூட்டினார். அல்சூர் ஏரியைச் சுற்றி ஓட்டிச் சூடேற்றிய பின் ஐட்லிங்கில் 7 பவுண்டு, இரண்டாயிரம் சுற்றில் 25. ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டு என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி ஓட்டத்தில் பாஸ், நிற்கும்போது ஃபெயில். எல்லா வேகத்திலும் ஒரேயடியாகக் குறைந்திருந்தால் அடைபட்ட ஸ்ட்ரெய்னரையோ பம்ப்பையோ சந்தேகிக்கலாம். சூடான பிறகு ஐட்லிங்கில் மட்டும் விழுந்தால் பேரிங் தேய்மானம்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை பாக்கி இருந்தது. இந்த என்ஜினின் இடது பக்கம், பின்புறத்தில் ஒரு குமிழ் நட் இருக்கிறது. உள்ளே ஸ்பிரிங்கும் ரிலீஃப் வால்வும். வால்வில் ஒரு துணுக்கு அழுக்கு சிக்கினாலும் அது மூடாமல் ஆயில் சம்ப்புக்கே திரும்பி ஓடும். கழற்றிச் சுத்தம் செய்ததில் 2 பவுண்டு ஏறியது. போதவில்லை.

இந்தக் கட்டத்தில் குறுக்கு வழிகள் பல உண்டு. ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைப்பது பிரபலமானது. அது உச்சபட்ச பிரஷரை மட்டுமே கூட்டும். ஐட்லிங்கில் வால்வு ஏற்கெனவே மூடித்தான் இருக்கும் என்பதால் அங்கே பயனில்லை. கெட்டியான ஆயிலும் டப்பாவில் விற்கும் 'டிரீட்மெண்ட்'டும் மீட்டரைக் கொஞ்ச நாள் சமாதானப்படுத்தும், தேய்ந்ததை வளர்க்காது. பழைய கார் வியாபாரத்தில் ஆயில் விளக்கின் பல்பையே கழற்றிவிடும் வித்தையும் உண்டு. வாங்குகிறவர்கள் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு ஒருமுறை எரிகிறதா என்று பார்ப்பது நல்லது.

கடைசியாகத்தான் சம்ப் கழன்றது. என்ஜினை வெளியே எடுக்கவில்லை. பிக் எண்ட் ஷெல்களில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. மைக்ரோமீட்டரில் கிராங்க் அளவுக்குள்ளேயே இருந்தது, கோடும் இல்லை. இன்னும் சில மாதம் ஓட்டியிருந்தால் ஷெல் கிராங்கைச் சுரண்டியிருக்கும். அப்போது கிரைண்டிங், அண்டர்சைஸ் ஷெல் என்று காரேஜ் சொன்ன தொகையே உண்மையாகியிருக்கும். விளக்கை அலட்சியம் செய்யாததும், அவசரப்பட்டு இறக்காததும் சேர்ந்துதான் கிராங்கைக் காப்பாற்றின.

ஜே.சி. ரோட்டில் இரண்டு நாள் அலைந்து ஷெல் செட்டும் பம்ப்பும் வாங்கினார் பெரியவர். மொத்தச் செலவு ஒரு மாத பென்ஷனைத் தொடவில்லை. பூட்டிய பின் மீட்டர் காட்டியது: சூட்டில், ஐட்லிங்கில் 17 பவுண்டு. ஓட்டத்தில் 48.

"மெயின் பேரிங்கும் ஒருநாள் தேயும் சார். அப்ப இறக்கித்தான் ஆகணும்" என்று மெக்கானிக் மறைக்காமல் சொன்னார். மீட்டரை டாஷ்போர்டுக்குக் கீழேயே நிரந்தரமாகப் பொருத்தச் சொன்னார் பெரியவர். மாதம் ஒருமுறை, சூடான என்ஜினில், ஐட்லிங்கில் எவ்வளவு என்று ஒரு நோட்டில் குறித்துவருகிறார். அந்த எண் இறங்க ஆரம்பித்தால் பணம் சேர்க்க அவகாசம் இருக்கும்.